தடாலின் இடது கை

என் அண்ணிக்கு ஒருவன் பெயரைக் கேட்டாலே ஆகாது. இத்தனைக்கும் அவன் நம்மைப்போல மூச்சு விடுகிற ஆள்கூட இல்லை. காமிக்ஸ் புத்தகத்தில் வருகிறவன். பெயர் தடால்.

தடாலைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் இருக்க முடியாது. பீரோவுக்குச் சட்டை போட்டது மாதிரி உடம்பு, அதன்மேல் எலுமிச்சம்பழம் வைத்தது மாதிரி தலை, காது வரை இளிப்பு. அடியாட்கள் கூட்டமாக வந்து சூழ்ந்தால் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொள்வான். "ஒரு கை போதும்!" என்பான். கூடவே ஒரு ஜோக் அடிப்பான். பிறகு வலது கையாலேயே அத்தனை பேரையும் துவைத்துக் காயப்போடுவான். கதவு என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது, சுவரைப் பெயர்த்துக்கொண்டுதான் வெளியே வருவான். பனியன், தண்ணீர் பாட்டில், பள்ளிக்கூடப் பை என்று எதைப் பார்த்தாலும் அவன் மூஞ்சி இருக்கும், அடியில் "ஒரு கை போதும்!" இருக்கும்.

அண்ணியின் கோபத்துக்குத் தொழில்ரீதியான காரணம் உண்டு. அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஒரே ஒரு கார். அதில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் அண்ணியின் காலடியில் இன்னொரு பிரேக். கற்றுக்கொள்ள வரும் இளவட்டங்கள் கொஞ்சம் கை பழகியதும் ஸ்டீயரிங்கை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே செருகிக்கொண்டு, "ஒரு கை போதும் மேடம்!" என்பார்கள். அடுத்த நொடி அண்ணி அவள் பக்கத்து பிரேக்கை மிதிப்பாள். மூக்கு முன்பக்கக் கண்ணாடியில் இடிக்காத குறையாக வண்டி நிற்கும். 'பிரேக் மேடம்' என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

"அவன் ஒருத்தன் பேப்பர்ல ஆடுற ஆட்டத்துக்கு, நான் ரோட்டுல உயிரைக் கையில பிடிச்சுட்டு உக்காந்திருக்கேன்," என்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் யார் தெரியுமா? தடாலின் பரம பக்தன். என் அண்ணன்.

அண்ணன் மெத்தைக் கடையில் விற்பனையாளன். வாய் ஓயாது. முதுகு வலி என்று வருகிற ஆளை முதலில் சிரிக்க வைப்பான், அப்புறம் படுத்துப் பார்க்க வைப்பான், அப்புறம் பில் போட வைப்பான். மீசை வைத்த வயதிலும் மாதம் பிறந்தால் புதுத் தடால் புத்தகம் வாங்காமல் வீட்டுக்கு வரமாட்டான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது வாங்கியது முதல் அத்தனையும் கட்டிலுக்கு அடியில் ஓர் இரும்புப் பெட்டியில் இருந்தது. அண்ணி வீடு பெருக்கும்போதெல்லாம் துடைப்பத்தால் அந்தப் பெட்டியை ஓர் இடி இடித்துவிட்டுத்தான் போவாள்.

ஒரு நாள் காலையில் கடையில் ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினானாம். அவன் பேச்சை நிறுத்தியதே கடையில் பெரிய அதிசயம். இடது கண்ணில் கீழேயிருந்து கறுப்பாக ஒரு திரை ஏறி வருகிறது என்றான். வலது கண் அவனுக்குப் பிறந்ததிலிருந்தே மங்கல். வெளிச்சம் தெரியும், ஆள் வருவது தெரியும், அவ்வளவுதான். அவன் உலகம் முழுக்க அந்த இடது கண்ணில்தான் இருந்தது. அந்தக் கண்ணில்தான் இப்போது விழித்திரை கிழிந்து உரிந்துகொண்டிருந்தது.

அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். முடிந்ததும் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து விளக்கினார். "கண்ணுக்குள்ள ஒரு வாயுக் குமிழி விட்டிருக்கோம். அது மேல எழும்பி விழித்திரையை அழுத்திப் பிடிக்கும், ஒட்டிக்கிற வரைக்கும். ஆனா அவர் குப்புறப் படுத்தாதான் சரியான இடத்துல போய்ப் பிடிக்கும். சாப்பிட, குளிக்க, பாத்ரூம் போக மட்டும் எந்திரிக்கலாம், அப்பவும் தலை குனிஞ்சே இருக்கணும். நான் சொல்ற வரைக்கும் படிக்கிறது, டிவி, போன் எதுவும் கூடாது."

"பார்வை திரும்பிடுமா டாக்டர்?" என்று அண்ணி கேட்டாள்.

"குமிழி கரைஞ்ச பிறகுதான் சொல்ல முடியும்."

அண்ணன் குனிந்த தலையோடு சிரித்தான். "இத்தனை வருஷமா மெத்தை விக்கிறேன் டாக்டர். குப்புறப் படுத்துப் பாருங்கன்னு ஒருத்தர்கிட்டகூட சொன்னதில்ல. வியாபாரத்துல எவ்வளவு பெரிய ஓட்டை பாருங்க!"

நர்சுகள் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை.

வீட்டில் அவனைக் கட்டிலில் குப்புறப் போட்டோம். நெற்றிக்கும் தாடைக்கும் தலையணை வைத்து, நடுவில் மூச்சு விட இடம் விட்டு, ஒரு கையை மடக்கி, இன்னொரு கையைக் கட்டில் ஓரத்தில் தொங்கவிட்டு, தரையைப் பார்த்தபடி கிடந்தான். வருகிறவர்கள் எல்லாரும் அவன் முதுகோடு பேசிவிட்டுப் போனார்கள். அவனும் சளைக்காமல் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோக் வைத்திருந்தான். "என்னை முகம் பாக்காம பேசுற உறவெல்லாம் இப்பதான் தெரியுது" என்பான். "பாதத்தைப் பாத்தே ஆளைச் சொல்லிடுவேன், தலைகீழா ஜோசியம் பாக்கலாம்னு இருக்கேன்" என்பான்.

ஆனால் எத்தனை ஜோக்தான் அடிப்பான்? எல்லாரும் போனதும் பொழுது நகரவில்லை. "பெட்டியைத் திறந்து ஒரு தடால் படிச்சுக் காட்டேன்," என்று என்னைக் கெஞ்சினான்.

நானும் லீவு போட்டு வந்திருந்தவள்தானே என்று உட்கார்ந்தேன். எடுத்தேன், படித்தேன். "யாரடா அது? தடால்! டமார்! ஐயோ! ஒரு கை போதும்! டமால்! அம்மா! முற்றும்."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அடிப்பாவி, காமிக்ஸ்ல எழுத்தையா படிப்பாங்க? படத்தைச் சொல்லு!"

படத்தைச் சொல்ல எனக்கு வரவில்லை. "அடிக்கிறான். இவனும் அடிக்கிறான்," என்பதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. நான் வேலை பார்க்கும் பார்சல் அலுவலகத்தில் மறுநாள் கட்டாயம் வரச் சொன்னார்கள் என்று தப்பித்துக்கொண்டேன். பொறுப்பு அண்ணியின் தலையில் விழுந்தது.

"நானா? அந்தக் குப்பையையா?" என்று குதித்தாள். ஆனால் கட்டிலில் கிடப்பவன் கேட்கிறான். டிரைவிங் ஸ்கூல் வாசலில் விடுமுறை என்று எழுதிவிட்டு வந்திருந்தாள், வேறு வேலையும் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அழுக்குத் துணியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் ஒரு புத்தகத்தைத் தூக்கினாள்.

அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. படத்தைச் சொல்வதற்கென்றே பிறந்தவள் அண்ணி. பின்னே, காலை முதல் மாலை வரை சாலையைப் பார்த்து வாயால் சொல்லிக்கொண்டே இருப்பதுதானே அவள் பிழைப்பு?

"இடது பக்கம் ஒரு சந்து. சந்து முனையில குப்பைத் தொட்டி, அதுக்குப் பின்னாடி ரெண்டு பேரு பதுங்கி நிக்கிறானுங்க. எதிர்ல லாரி. லாரிக்கு ஹெட்லைட் ஒண்ணுதான் எரியுது. உங்க ஆளு நடு ரோட்டுல நிக்கிறான், அறிவு கெட்டவன், ஓரமா நிக்கத் தெரியல. மாடியில ஒரு பொம்பளை துணி எடுக்குறா, அவ கீழ பாக்கல. அடுத்த கட்டம்: லாரி கிட்ட வருது…"

"ஆகா!" என்று முதுகு துள்ளியது. "நான் அந்தத் துணி எடுக்கிற பொம்பளையைப் பாத்ததே இல்லயே! படிக்கும்போது அடிதடியைத்தான் பாத்திருக்கேன். சொல்லு, சொல்லு!"

முதல் நாள் முழுக்கத் திட்டிக்கொண்டேதான் சொன்னாள். "இப்போ கண்ணாடியைப் பாக்காம திரும்புறான்" என்பாள். "இண்டிகேட்டர் போடாம சுவர்ல மோதுறான்" என்பாள். அண்ணன் சிரித்துச் சிரித்து, தலை ஆடக்கூடாது என்று அவளே அவன் பிடரியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

மறுநாள் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டாள்.

சாதாரணமாகத் தடாலை முன்பக்கத்திலிருந்துதான் வரைந்திருப்பார்கள். இளிப்பும் புஜமும் தெரியும், பின்னால் வைத்த கை தெரியாது. இந்தக் கட்டத்தில் அடியாட்கள் முகம் தெரிய வேண்டும் என்பதற்காகப் பின்பக்கத்திலிருந்து வரைந்திருந்தார்கள்.

"இவன் கை ஏன் நடுங்குது?" என்றாள் அண்ணி.

"எந்தக் கை?"

"பின்னாடி வெச்சிருக்கானே, இடது கை. சட்டையைக் கொத்தாப் பிடிச்சிருக்கான். சுத்தி சின்னச் சின்னதா கோடு போட்டிருக்கு."

"அது வேகக் கோடு. காமிக்ஸ்ல வேகத்துக்குக் கோடு போடுவாங்க. உனக்கு இதெல்லாம் தெரியாது."

"நின்னுட்டு இருக்கிற வண்டிக்கு எதுக்குங்க வேகக் கோடு?"

அண்ணி அதே புத்தகத்தைப் புரட்டினாள். இன்னொரு பின்பக்கப் படம், அதிலும் கோடு. சண்டை முடிந்த பிறகு ஒரு படம். கை தளர்ந்து தொங்குகிறது, கோடு இல்லை. புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, இத்தனை காலம் துடைப்பத்தால் இடித்த பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து தரதரவென்று வெளியே இழுத்தாள்.

மத்தியானம் அலுவலகத்தில் என் போன் அலறியது. அண்ணி.

"அண்ணி, அண்ணனுக்கு என்ன?"

"அவருக்கு ஒண்ணுமில்ல. நீ உடனே கிளம்பி வா. வரும்போது அந்த எழுத்தைப் பெரிசாக் காட்டுற கண்ணாடி இருக்குல்ல, உங்க ஆபீஸ்ல, அதை எடுத்துட்டு வா."

"எதுக்கு?"

"தடால் பயப்படுறான்டீ!"

நான் போய்ச் சேர்ந்தபோது அறையில் கால் வைக்க இடமில்லை. தரை, நாற்காலி, ஜன்னல் திட்டு, அண்ணன் முதுகு, எல்லா இடத்திலும் தடால் புத்தகங்கள் திறந்தபடி கவிழ்ந்து கிடந்தன. ஆமாம், அண்ணன் முதுகிலும் மூன்று நான்கு. அண்ணி முடியைக் கொண்டை போட்டுக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நடுவில் முட்டி போட்டு ஊர்ந்துகொண்டிருந்தாள்.

"இங்க பாரு. பின்பக்கமா வரைஞ்சது எல்லாத்துலயும் நடுக்கம் இருக்கு. இதுல பாரு, முன்பக்கம்தான், ஆனா கடைக் கண்ணாடியில முதுகு தெரியுது, அதுலயும் இருக்கு! இங்க நிழல்ல!"

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். சத்தியமாக இருந்தது. மயிரிழை மாதிரி நாலு கோடு. நிழலில்கூட விரல்கள் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தன. நானும் பையை எறிந்துவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு பேரும் புரட்டப் புரட்ட, "இந்தா ஒண்ணு!" "இங்க ஒண்ணு அண்ணி!" என்று வீடே இரண்டுபட்டது.

"இன்னொண்ணு கவனிச்சியா?" என்றாள் அண்ணி. "கை நடுங்குற கட்டத்துலதான் ஜோக் அடிக்கிறான். அடிச்சு முடிச்ச பிறகு ஒரு ஜோக்கும் கிடையாது. எல்லாம் அடிக்கு முந்திதான்."

கட்டிலில் இருந்து ஓர் உறுமல் வந்தது. "ரெண்டு பேரும் போதும் நிறுத்துங்க. தடால் பயந்தாங்கொள்ளி இல்ல."

"நான் அப்படிச் சொல்லலையே."

"அதைத்தான் சொல்றே. சின்ன வயசுல இருந்து படிக்கிறேன். எனக்குத் தெரியாத தடாலை நேத்து படிக்க ஆரம்பிச்சவ கண்டுபிடிச்சிட்டியாக்கும்! அவன் ஒரு கை போதும்னு நினைக்கிறவன். அதான் அவன் கெத்து."

அண்ணி அவன் முதுகில் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்தபடி பேசினாள். குரலில் கோபமே இல்லை, உற்சாகம்தான் பொங்கியது. "என் வண்டியில முதல் நாள் வந்து உக்காருறவங்களைப் பாத்திருக்கேங்க. பயத்தைச் சொல்லிட்டு உக்காருறவங்க நல்லா கத்துக்குவாங்க. ஆனா சில பேரு ஏறினதும் பேச ஆரம்பிப்பாங்க. கதையா சொல்லுவாங்க, சிரிப்பா சிரிப்பாங்க. நான் அவங்க மூஞ்சியைப் பாக்கவே மாட்டேன். கையைத்தான் பாப்பேன். சீட்டு விளிம்பைப் பிச்சு எடுத்துட்டு இருக்கும். இவன் அந்த ரகம். பயம் இல்லாதவன் சுவரை இடிச்சா அதுல என்ன இருக்கு? இவனுக்கு ஒவ்வொரு தடவையும் குலை நடுங்குது. ஒவ்வொரு தடவையும் போறான். ஒரு தடவைகூடப் போகாம இருந்ததில்ல. இது தெரியாம நான் இவனைப் போய்த் திமிர் பிடிச்சவன்னு…"

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காகிதத்தில் இருக்கும் ஒருவனுக்காக!

அண்ணன் உடனே ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. காபி கொடுத்தேன், தலையைக் குனிந்தபடி உறிஞ்சு குழல் போட்டுக் குடித்தான். குடித்து முடித்து, யோசித்து, "அப்போ சுரங்கப்பாதைக் கதையைப் படி," என்றான் சவால் விடுகிற குரலில். "அதுல ரெண்டு கையும் வெளியில வரும். அது நடுங்குதா பாரு. படு அறுவையான இதழ். ஒரு ஜோக்குகூடக் கிடையாது. எங்க செட்டுல யாருக்குமே பிடிக்காது. நான் ஒரே தடவைதான் படிச்சேன்."

பெட்டியின் அடியில் இருந்து அதை எடுத்தேன். மற்றவை எல்லாம் கிழிந்து நைந்திருக்க, இது மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. அண்ணி பழையபடி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். நான் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டேன்.

கதை இதுதான். மழைத் தண்ணீர் ஒரு சுரங்கப்பாதைக்குள் புகுந்துவிடுகிறது. உள்ளே ஒரு பேருந்து. வெளியே வர ஒரே வழி, அங்கே ஓர் இரும்புக் கதவு மேலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. தடால் ஓடி வந்து வலது கையால் தாங்குகிறான். கதவு இறங்குகிறது. ஒரு கை போதவில்லை.

"இப்போ இடது கையை வெளிய கொண்டு வரான்," என்றாள் அண்ணி. குரல் இறங்கிவிட்டது. "மெதுவா. அதுக்கே மூணு கட்டம் போட்டிருக்காங்க. கதவைப் பிடிச்சிட்டான். கை நடுங்குது. இந்தத் தடவை சின்னக் கோடு இல்ல, பெரிசு பெரிசா இருக்கு. எல்லாரும் பாக்குறாங்க. பேருந்துல இருந்து இறங்குற ஒவ்வொருத்தரும் அவன் கைக்குக் கீழதான் குனிஞ்சு போகணும். ஒவ்வொருத்தரும் அந்தக் கையைப் பாத்துட்டுப் போறாங்க. அவன் வாயே திறக்கல. இளிப்பு இல்ல. கண்ணை மூடியிருக்கான். கடைசியா கண்டக்டரம்மா வராங்க. அவங்க மட்டும் நிக்கிறாங்க. அவனை நிமிர்ந்து பாத்துச் சொல்றாங்க."

"என்ன சொல்றாங்க?" என்றேன் நான். என்னால் தாங்க முடியவில்லை.

"'நடுங்கினா நடுங்கட்டும் தம்பி. பிடியை மட்டும் விட்டுடாதே.'"

அண்ணி பக்கத்தைத் திருப்பவில்லை. அவள் தரையில் உட்கார்ந்திருந்ததால், கட்டில் ஓரத்தில் தொங்கிய அண்ணனின் கை அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. நானும் அப்போதுதான் பார்த்தேன். விரல் முட்டிகள் வெளுக்கக் கட்டில் சட்டத்தை அவன் இறுக்கிப் பிடித்திருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் எத்தனை பேரைச் சிரிக்க வைத்தான்! எங்கள் யாராலும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையைப் பார்க்கத் தோன்றவும் இல்லை.

"பயமா இருக்கா?" என்று அண்ணி கேட்டாள்.

ஒரு ஜோக் வரும் என்று நான் காத்திருந்தேன்.

"ரொம்ப," என்றான் அண்ணன் தலையணைக்குள்ளிருந்து. "இந்தக் கண்ணும் போயிடுச்சுன்னா உன் மூஞ்சியை இனிமே பாக்க முடியாது. அன்னிக்கு ஆபரேஷனுக்குப் போகும்போது சரியாப் பாக்காமப் போயிட்டேன். அதையேதான் நினைச்சிட்டுக் கிடக்கேன்."

"எனக்கும்தாங்க பயமா இருக்கு," என்றாள் அண்ணி. அந்த விரல்களைச் சட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, தன் கையில் வைத்துக்கொண்டாள். எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாகிவிட்டது. அடுப்படிக்குப் போய், கழுவி வைத்த டம்ளர்களையே திரும்பவும் கழுவினேன்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து அண்ணன் கத்துவது கேட்டது. "சரி, ஒத்துக்கிறேன்! முதல் இதழ்ல இருந்து ஆரம்பி! ஒரு கட்டம் விடாம சொல்லணும்!"

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததைத் திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். டாக்டரம்மா சொன்ன காலம் முடியும்வரை தினமும் தடால்தான். நான் வேலை விட்டு நேராக அங்கேதான் போவேன். அண்ணனின் பழைய நண்பர்கள் செய்தி கேட்டு வந்தார்கள். "யாரு, பிரேக் மேடமா தடால் படிக்கிறாங்க?" என்று கிண்டலாக நுழைந்தவர்கள், வாய் பிளந்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் பேருந்து ஓட்டுநர். எமகாதகர். சுரங்கப்பாதை இதழைக் கேட்டுவிட்டு, "நான் இதைக் கிழிச்சு ராக்கெட் விட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

குமிழி கரையத் தொடங்கியது. அண்ணனுக்கு அது தண்ணீர்த் தொட்டியில் மட்டம் இறங்குவதுபோலத் தெரிந்ததாம். மேலே தெளிவு, கீழே ஆடுகிற கோடு, நாளுக்கு நாள் கோடு கீழே போயிற்று. ஒரு நாள் காலையில், தலை நிமிரலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பார்வை முழுசாகத் திரும்பவில்லை. நேர்க்கோடுகள் கொஞ்சம் வளைந்து தெரிகின்றன, கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. ஆனால் தெரிகிறது! ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அண்ணியை வெளிச்சம் பார்த்து நிற்க வைத்து, ஆற அமரப் பார்த்தான். போகிறவர் வருகிறவர் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். "போதும், வாங்க, பார்க்கிங்ல நம்ம வண்டி அடுத்தவங்க வழியை மறிச்சு நிக்குது," என்று அண்ணி அவனை இழுத்துக்கொண்டு போனாள், முகமெல்லாம் சிவந்திருந்தது.

சில மாதங்கள் கழித்து, தடாலை வரைகிற ஓவியர் ஒரு புத்தகக் கடைக்கு வருவதாக அறிவிப்பு வந்தது. அண்ணன் சொல்லுமுன்பே அண்ணி புறப்பட்டுவிட்டாள். கடை நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் இடது கையைப் பின்னால் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓவியர் ஒல்லியான மனிதர், விரல்களில் மைக்கறை. புதிதாக எத்தனை இதழ் வரும், சினிமாவாக எடுப்பார்களா என்றெல்லாம் கேள்விகள் போய்க்கொண்டிருந்தன. அண்ணி எழுந்தாள். கூட்டத்தில் சிலர் அவளிடம் கார் கற்றவர்கள். "ஐயையோ, பிரேக் மேடம்!" என்று முதுகுக்குப் பின்னால் இருந்த கைகள் தானாக முன்னால் வந்துவிட்டன.

"சார், தடாலோட இடது கை ஏன் நடுங்குது?"

கூட்டத்தில் "எங்க நடுங்குது?" "என்ன சொல்றாங்க?" என்று முணுமுணுப்பு. ஓவியர் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு விரிந்தது.

"உண்மையைச் சொல்லட்டுமா?" என்றார். "எனக்குக் கை வரைய வராது. ஆரம்பத்துல ஒரு கை வரையவே உயிர் போகும். அதனால இன்னொரு கையைப் பின்னாடி ஒளிச்சு வெச்சிட்டேன். 'ஒரு கை போதும்'னு வசனம் வெச்சு ஒப்பேத்தினேன். அவ்வளவுதான் அதோட ரகசியம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அண்ணியின் முகம் வாடிவிட்டது. அண்ணன் எழுந்து நின்றே விட்டான், சண்டைக்குப் போகிறவன் மாதிரி.

"இருங்க, இருங்க," என்றார் ஓவியர் கையை உயர்த்தி. "நாலஞ்சு இதழ் போன பிறகு ஒரு படத்தைப் பின்பக்கமா வரைய வேண்டியதாப் போச்சு. அப்பதான் எனக்கே கேள்வி வந்துச்சு. இத்தனை நாளா இந்தக் கை அங்க என்ன பண்ணிட்டு இருந்துச்சு? பென்சிலை வெச்சுட்டு யோசிச்சேன். அன்னிக்குத்தான் அவனை எனக்கு முதல் தடவையா புரிஞ்சுது. கோடு போட்டேன். ஹீரோ நடுங்கினா புத்தகம் விக்காதுன்னு அழிக்கச் சொன்னாங்க. அழிக்கல, சின்னதாக்கினேன். அதுல இருந்து ஒவ்வொரு இதழ்லயும் போடுறேன். யாராவது கேப்பாங்கன்னு பாத்துட்டே இருக்கேன். இன்னிக்குத்தான் ஒருத்தர் கேட்டிருக்கீங்க!"

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது! அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கையில் இருந்த புத்தகங்களைத் திறந்தார்கள். காகிதம் சடசடவென்று பறக்கிற சத்தம் கடை முழுக்கக் கேட்டது. "இருக்குடா!" என்று ஒரு மூலையில் கத்தல். ஒரு கல்லூரிப் பெண் நாற்காலிமேல் ஏறி, "பக்கம் பதினெட்டு, கண்ணாடியில பாருங்க!" என்று கூவினாள். அலமாரியில் இருந்த பழைய இதழ்களை எல்லாரும் மொய்த்துவிட்டார்கள். கடைக்காரர் "கிழிக்காதீங்க, கிழிக்காதீங்க" என்று கூட்டத்துக்குள் நீந்திக்கொண்டிருந்தார். ஓவியர் அண்ணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுரங்கப்பாதை இதழைப் பற்றி இரண்டு பேரும் பேச ஆரம்பித்தவர்கள், விளக்கை அணைக்கப் போகிறோம் என்று சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை. அந்த இதழ் விற்கவே இல்லையாம். அவருக்கு அதுதான் செல்லப்பிள்ளையாம்.

திரும்பி வரும்போது அண்ணிதான் கார் ஓட்டினாள். பக்கத்தில் அண்ணன், பின்னால் நான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குக் கேட்டதா என்றே தெரியாது. அவ்வளவு சந்தோஷம். சிக்னலில் வண்டி நின்றதும் அண்ணி எங்கள் பக்கம் திரும்பினாள். கண் இரண்டும் பளபளத்தன.

"அந்தக் குடைக்காரன் இருக்கான்ல?" என்றாள். குடைக்காரன் என்பவன் தடாலின் பரம எதிரி. வீடு வீடாகப் புகுந்து கொள்ளையடிக்கிறவன்.

"அவனுக்கென்ன?" என்றான் அண்ணன்.

"கொள்ளையடிக்கப் போற வீட்டுல எல்லாம், அவன் செருப்பை வாசல்ல கழட்டிட்டுத்தாங்க உள்ள போறான். ஏன்?"

அண்ணன் அவள் பக்கம் முழுசாகத் திரும்பினான். நான் முன் இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டினேன். பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. பச்சை விழுந்து வெகுநேரமாகியிருந்தது.